தனியாக வேலை பார்ப்பவர்களுக்கான பாதுகாப்புச் செயலி: அனுமதிகளை அமைப்பது எப்படி?

செல்போன் டவர் டெக்னீஷியன், இரவில் பம்ப் ஹவுஸில் இருக்கும் ஆபரேட்டர் போன்றவர்களுக்கான செயலியில் அனுமதியைத் தவறாகக் கொடுத்தால், ஆபத்து நேரத்தில் அலாரம் வந்தும் அதைத் திறக்க முடியாதவரிடம் போய் நிற்கும்.

கணினியில் கைவைக்கும் முன் ஒரு தாளில் எழுதுங்கள்: எந்த ஷிப்டில் யார் தனியாக இருக்கிறார், அவருடைய அலாரத்தை முதலில் எடுப்பவர் யார், அவர் எடுக்காவிட்டால் அடுத்தவர் யார். அந்தத் தாளைப் பார்த்துத்தான் குழுக்களைப் பிரிக்க வேண்டும்.

அனுமதியை ஆளுக்கு ஆள் கொடுக்காமல் பொறுப்புக்குக் கொடுங்கள். பெரும்பாலும் நான்கு பொறுப்புகள் போதும். ஊழியர் தன் செக்-இன்னையும் ('நலமாக இருக்கிறேன்' என்று அவ்வப்போது செயலியில் அழுத்துவது) தன் அலாரத்தையும் மட்டும் பார்ப்பார். மேற்பார்வையாளருக்குத் தன் குழு மட்டும். கண்காணிப்பு அறைக்கு எல்லாக் குழுக்களின் அலாரமும் தெரியும், ஆனால் அமைப்புகளை மாற்ற முடியாது. நிர்வாகி ஆட்களைச் சேர்ப்பார், நீக்குவார். அதற்காக எல்லாருடைய பழைய லொகேஷனும் அவருக்குத் தேவையில்லை. நிர்வாகி ஒருவரே என்றால், ஓடிபி வரும் அவரது போன் தொலைந்த அன்று மொத்த நிறுவனமும் வெளியே நிற்கும். இருவரை வையுங்கள்.

அதிகக் கவனம் தேவைப்படுவது அலாரத்தை ஏற்கும் அனுமதியில். பல செயலிகளில் ஒருவர் 'ஏற்றேன்' என்று அழுத்தியதுமே அடுத்தவருக்குப் போகும் அழைப்பு நின்றுவிடும். தகவலுக்காகச் சேர்த்த மேலாளர் வீட்டிலிருந்து அதைத் தொட்டால், உதவிக்குக் கிளம்ப வேண்டியவருக்குச் செய்தியே போகாது. நேரில் போகவோ ஆளை அனுப்பவோ முடிந்தவருக்கு மட்டும் அந்தப் பொத்தானைக் கொடுங்கள். மற்றவர்களுக்குப் பார்க்கும் அனுமதி போதும். அலாரத்தை மூடுவது தனி அனுமதி. ஊழியரிடம் பேசிய பிறகே, காரணம் எழுதித்தான் மூட முடியும் என்று அமையுங்கள். ஊழியர் மிரட்டப்படும்போது போடுவதற்கான மாற்று பின் நம்பர் வசதி இருந்தால் கட்டாயம் இயக்குங்கள்: திரையில் அலாரம் அணைந்தது போலத் தெரியும், உள்ளே தொடரும்.

லொகேஷனை மேற்பார்வையாளருக்கு ஷிப்ட் நேரத்திலும் அலாரத்தின்போதும் மட்டும் திறந்துவிடுங்கள். வேலை முடிந்தும் தன்னைப் பார்க்கிறார்கள் என்று தெரிந்தால் ஊழியர் செயலியையே அணைத்துவிடுவார், பிறகு பாதுகாப்பு ஏது?

இடமாற்றம் ஆனவரை அன்றே புதிய குழுவுக்கு மாற்றுங்கள்; இல்லையேல் அவருடைய அலாரம் பழைய ஊர் மேற்பார்வையாளருக்குப் போகும். விலகியவரின் கணக்கை அழிக்காமல் முடக்குங்கள், பழைய சம்பவப் பதிவுகள் வேண்டியிருக்கும். அழைப்பு வரிசையில் அவர் எண் தனியாகக் கிடக்கலாம், அதையும் எடுங்கள். விடுப்பில் போகிறவருக்குப் பதில் ஆளைப் போடும்போது முடிவுத் தேதியும் போடுங்கள்.

போனிலும் அனுமதி உண்டு. ஆண்ட்ராய்டில் லொகேஷனை 'எப்போதும்' என்று வைத்து, பேட்டரி சேமிப்பிலிருந்து செயலியை விலக்குங்கள். மேற்பார்வையாளரின் போன் சைலன்ட்டில் இருந்தாலும் அலாரம் ஒலிக்க வேண்டும்.

கடைசியாக, ஒவ்வொரு பொறுப்புக்கும் ஒரு சோதனைக் கணக்கில் நுழைந்து, அடுத்த குழு கண்ணில் படுகிறதா என்று பாருங்கள். பிறகு இரவு ஷிப்டில் ஒரு சோதனை அலாரம் விட்டு, முதல் ஆளை எடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு, இரண்டாம் ஆளுக்கு எத்தனை நிமிடத்தில் போகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஷிப்ட் அட்டவணை மாறும்போதெல்லாம் இதைத் திரும்பச் செய்யுங்கள்.