பழைய ஸ்டிங்ரே பேஸ் கிட்டாரில் பிக்கப்பும் ப்ரீஆம்ப் ஒயரிங்கும் மாற்றுவது எப்படி

மியூசிக் மேன் ஸ்டிங்ரே 1976-இல் வந்தது. லியோ ஃபெண்டர் வடிவமைத்த கிட்டார். உள்ளே இருந்த ப்ரீஆம்ப், அதாவது ஒலியை முதலில் பெருக்கும் சிறு மின்சுற்று, நிறுவனத்தின் இணை நிறுவனர் டாம் வாக்கருடையது. தந்தியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் பிக்கப் ஒன்றே ஒன்று (இரட்டைச் சுருள் கொண்ட ஹம்பக்கர்), ஒரு 9 வோல்ட் பேட்டரி, வால்யூம், ட்ரெபிள், பேஸ் என மூன்று குமிழ்கள், அவ்வளவுதான். 1984-இல் நிறுவனம் எர்னி பால் நிறுவனத்தின் கைக்குப் போவதற்கு முன் செய்யப்பட்டவற்றுக்கு இன்று நல்ல விலை கிடைக்கிறது. அந்த விலையில் பெரும்பங்கு உள்ளே இருக்கும் அசல் பாகங்களுக்கு. எனவே கெட்டது எது என்று அளந்து தெரிந்துகொள்ளாமல் சால்டரிங் அயர்னைச் சூடாக்க வேண்டாம். கழற்றியதைப் பின்னால் யாரேனும் திரும்பப் பொருத்த முடிகிற மாதிரி வேலை செய்யுங்கள்.

கெட்டது எது?

"ப்ரீஆம்ப் போச்சு" என்று சொல்லப்படும் கிட்டார்களில் பலவற்றில் போயிருப்பது ஜாக்கோ (கேபிள் செருகும் துளை) பேட்டரி கிளிப்போதான். புதிய ஆல்கலைன் பேட்டரி போட்டு, பிளக்கைச் செருகிய நிலையில் கிளிப்பின் இரு முனைகளில் அளந்து பாருங்கள். 9 வோல்ட்டுக்குச் சற்று மேலே காட்ட வேண்டும். பிளக் இல்லாதபோது 9, செருகியதும் 6 என்று விழுந்தால் எங்கோ ஷார்ட் இருக்கிறது.

அடுத்து ஜாக். இது ஸ்டீரியோ ஜாக். நுனி முனையில் ஒலி, நடு வளையத்தில் பேட்டரியின் நெகட்டிவ், அடிமுனையில் எர்த். சாதாரண மோனோ பிளக்கின் உலோகத் தண்டு வளையத்தையும் எர்த்தையும் சேர்ப்பதால்தான் ப்ரீஆம்ப் உயிர் பெறுகிறது. வளையத்தின் நாக்கு தளர்ந்து பிளக்கைத் தொடாமல் போனால் கிட்டார் ஊமையாகிவிடும். நாக்கை லேசாக உள்ளே வளைத்தாலே பாதி நேரம் வேலை முடிந்துவிடுகிறது.

ஜாக் சரி என்றால் ப்ரீஆம்பைத் தாண்டிக் கேளுங்கள். பிக்கப்பின் சூடான ஒயரை (எர்த் அல்லாத, ஒலி வரும் ஒயர்) கழற்றி, முதலைக் கிளிப் வைத்து நேராக ஜாக்கின் நுனிக்குக் கொடுங்கள். சத்தம் சற்றுக் குறைவாக, ஆனால் தெளிவாக வந்தால் பிக்கப் நலம். சந்தேகம் ப்ரீஆம்ப் மேல்.

அந்த ஒயர் கழன்றிருக்கும்போதே பிக்கப்பின் மின்தடையையும் பார்த்துவிடுங்கள். ஸ்டிங்ரேயில் இரு சுருள்களும் பேரலலாக (பக்க இணைப்பில்) இணைந்தவை. ஒவ்வொன்றும் 4 கிலோ ஓம் என்று வைத்துக்கொண்டால் மீட்டர் 2 காட்டும். 4 காட்டினால் ஒரு சுருள் அறுந்திருக்கிறது. இதை எளிதில் கோட்டை விடுவார்கள், ஏனென்றால் சத்தம் வந்துகொண்டுதான் இருக்கும். ஒலி மெலிந்து, விளக்கு, மின்மாற்றி பக்கம் போனால் உறுமல் கூடும், அவ்வளவே தெரியும். சீரிஸ் (தொடர்) இணைப்பாக இருந்தால் சுத்தமாக அடங்கியிருக்கும். அறுந்த சுருளை மறுபடி சுற்றித் தருபவர்கள் இருக்கிறார்கள். அசல் காந்தங்களும் உறையும் அப்படியே நிற்கும் என்பதால், கிட்டாரை விற்கும் எண்ணம் உள்ளவர்களுக்குப் புது பிக்கப்பைவிட அதுவே நல்ல வழி.

ப்ரீஆம்ப்தான் போயிருக்கிறது என்றால் பழுது பார்ப்பது கடினம். அந்தக் காலத்துப் போர்டுகள் (ப்ரீஆம்பின் மின்சுற்றுப் பலகைகள்) பலவற்றின் மேல் எபாக்சி என்ற கெட்டிப் பசை பூசியிருப்பார்கள். சுரண்டினால் பாகங்களும் கூடவே பெயர்ந்து வரும். வேறு போர்டு போட்டு, பழையதைப் பையில் வைப்பதே நடைமுறை.

வாங்க வேண்டியவை

பிக்கப் வாங்கும் முன் உறையின் நீளம், அகலம், திருகுத் துளைகளின் இடைவெளி மூன்றையும் காலிப்பர் வைத்து அளந்து பாருங்கள். "மியூசிக் மேன் வடிவம்" என்று விற்பவை எல்லாம் ஒரே அளவு இல்லை. துளை பொருந்தாவிட்டால் வேறு பிக்கப் தேடுங்கள். மரத்தைச் செதுக்க வேண்டாம். நான்கு ஒயர் வெளியே வருவதாகப் பார்த்து வாங்கினால் பேரலலாக இணைக்கத் தோதாக இருக்கும்.

பாட்களில்தான் (குமிழ்களுக்கு அடியில் உள்ள மாறும் மின்தடைகள்) அதிகம் தவறு நடக்கிறது. ட்ரெபிள், பேஸ் இரண்டு மட்டும் உள்ள இந்த இரு-பேண்ட் சுற்றில் வால்யூம் 25 கிலோ ஓம், லாக் வகை (திருப்பும் அளவுக்கு நேராக மாறாமல், மடங்குகளாக மாறுவது). ட்ரெபிள் 50 கிலோ. பேஸ் 1 மெகா, ரிவர்ஸ் லாக் (அதே மாற்றம் தலைகீழாக). கையில் 250 கிலோ இருக்கிறதே என்று வால்யூமுக்கு அதைப் போடுவார்கள். இங்கே வால்யூம் ப்ரீஆம்புக்குப் பின்னால் நிற்கிறது. நடுவில் நிறுத்தும்போது 250 கிலோ பாட்டின் வெளியீட்டு மின்தடை 62 கிலோ வரை ஏறும். 500 பிகோஃபாரட் உள்ள கேபிளோடு சேர்ந்தால் 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் எல்லாம் மங்கத் தொடங்கும். 25 கிலோ பாட்டில் அதே கணக்கு 50 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் போகிறது, காதுக்குத் தெரியாது. பேஸ் பாட்டில் ரிவர்ஸ் லாக்குக்குப் பதில் சாதாரணமானதைப் போட்டால் குமிழ் முக்கால் சுற்று வரை ஒன்றும் செய்யாது. கடைசியில் திடீரென்று குமுறும்.

பாட்டின் தண்டையும் கவனியுங்கள். பழைய அமெரிக்கப் பாட்டின் தண்டு 6.35 மில்லிமீட்டர், பிளேட்டின் துளையில் நுழையும் அதன் கழுத்து 9.5 மில்லிமீட்டர். மெட்ரிக் பாட் 6 மில்லிமீட்டர் தண்டோடு வரும். அசல் குமிழ் அதில் தள்ளாடும். மாற்றும் ப்ரீஆம்புக்குத் தயாரிப்பாளர் வேறு மதிப்பு சொல்லியிருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

மற்றபடி 40 வாட் அயர்ன், 60/40 ரோசின் ஈயம் 0.8 மில்லிமீட்டர், ஈயம் உறிஞ்சி, ஷீல்டட் ஒயர் (இரைச்சலைத் தடுக்கும் உலோக உறை போர்த்தது) அரை மீட்டர், ஹீட் ஷ்ரிங்க் குழாய். குழாய்க்காரர்களின் ஆசிட் பேஸ்ட் பக்கமே போக வேண்டாம்; செம்பை மெல்ல அரித்துவிடும்.

கழற்றுதல்

தந்திகளைத் தளர்த்தி, பேட்டரியைக் கழற்றுங்கள். கன்ட்ரோல் பிளேட்டின் திருகுகளை எடுத்து, பிளேட்டைத் துணி மேல் கவிழ்த்து வையுங்கள். ஒயர் ஒன்றைத் தொடுவதற்கு முன் நான்கு பக்கமும் படம் எடுங்கள். எந்த நிற ஒயர் எந்தக் காலில் என்று தாளிலும் வரையுங்கள். படத்தில் பழைய ஒயரின் பழுப்பும் சிவப்பும் ஒன்றுபோலத் தெரியும். பாட்டின் முதுகில் உள்ள எண்களையும் குறித்துக்கொள்ளுங்கள். 137 என்று தொடங்கினால் சிடிஎஸ் என்ற நிறுவனத்தின் தயாரிப்பு. 1377625 என்றால் 1976-ஆம் ஆண்டின் 25-ஆம் வாரம். கிட்டாரின் வயதுக்குச் சான்று அது, ஈயத்தால் மூடிவிடாதீர்கள்.

பழைய ஈயம் உருக அடம்பிடிக்கும். அதன் மேல் கொஞ்சம் புது ஈயம் வைத்தால் இரண்டும் சேர்ந்து இளகும், பிறகு உறிஞ்சுங்கள். ஒயரை வெட்டாமல் உருக்கி எடுத்தால் நீளம் குறையாது. பாட்டின் முதுகில் நான்கு நொடிக்கு மேல் சூடு வைத்தால் உள்ளே இருக்கும் கார்பன் தடம் கெடும். ஆறவிட்டு மறுபடி முயலுங்கள்.

புது ஒயரிங்

பிக்கப்பில் தொடங்குங்கள். நிறங்கள் தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும். சீமோர் டங்கன் முறையில் கறுப்பும் வெள்ளையும் ஒரு சுருள், சிவப்பும் பச்சையும் மற்றொன்று. பேரலலுக்குக் கறுப்பையும் சிவப்பையும் சேர்த்து ப்ரீஆம்ப் உள்ளீட்டுக்கு. வெள்ளை, பச்சை, உறையில்லாத ஒயர் மூன்றையும் எர்த்துக்கு. நிறக் குறிப்பு கிடைக்காத பிக்கப் என்றால் முள் மீட்டரை ஒவ்வொரு சுருளிலும் வைத்து, ஸ்க்ரூடிரைவர் நுனியைக் காந்தத்தின் மேல் சட்டென்று வையுங்கள். இரு சுருள்களிலும் முள் ஒரே பக்கம் துள்ளும்படி பாசிட்டிவ் புரோப் தொட்ட ஒயர்கள்தான் சூடான ஒயர்கள். மாறிப்போனால் அடிஒலி எல்லாம் மறைந்து, தகர டப்பாவைத் தட்டுவது போலக் கேட்கும்.

பிக்கப்பிலிருந்து ப்ரீஆம்ப் வரை போகும் ஒயர் மட்டும் கட்டாயம் ஷீல்டட் ஆகவும், எவ்வளவு முடியுமோ அவ்வளவு குட்டையாகவும் இருக்கட்டும். இரைச்சலை வாரிக்கொள்ளும் இடம் அதுதான். ப்ரீஆம்புக்குப் பின் மின்தடை தாழ்ந்துவிடுவதால் சாதாரண ஒயர் போதும்.

எர்த்துகள் எல்லாவற்றையும் ஒரே புள்ளியில், வால்யூம் பாட்டின் முதுகிலோ ஜாக்கின் அடிமுனையிலோ, கொண்டு வந்து சேருங்கள். பிரிட்ஜிலிருந்து ஒயர் வருகிறது என்றால் அதுவும் அங்கேதான். பேட்டரியின் சிவப்பு நேராக ப்ரீஆம்புக்கு, கறுப்பு ஜாக்கின் வளையத்துக்கு. குழிக்குள் செப்பு டேப் ஒட்டினால் ஜாக்கின் கால்கள் அதைத் தொடாதபடி மேலே மின்கடத்தா டேப் போடுங்கள். வளையத்தின் கால் செப்பைத் தொட்டால் ஒலியில் எந்தக் குறையும் தெரியாது. பிளக் இல்லாதபோதும் பேட்டரி ஓடிக்கொண்டே இருக்கும். காரணம் தெரியாமல் பேட்டரி மாற்றிக்கொண்டே இருப்பீர்கள்.

மூடும் முன் சோதனை

பேட்டரி கிளிப்பைத் தலைகீழாக ஒரு கணம் தொட்டாலே பாதுகாப்பு டயோடு இல்லாத ஓப்-ஆம்ப் (ப்ரீஆம்பில் ஒலியைப் பெருக்கும் சில்லு) போய்விடும்; துருவம் பார்த்து மாட்டுங்கள். பேட்டரிக்கும் கிளிப்புக்கும் நடுவே மீட்டரை மில்லிஆம்பியரில் வையுங்கள். பிளக் இல்லாதபோது பூச்சியம் காட்ட வேண்டும். செருகியதும் தயாரிப்பாளர் சொன்ன மின்னோட்டத்துக்கு அருகில் நிற்க வேண்டும். 1 மில்லிஆம்பியர் என்றால் நல்ல ஆல்கலைன் பேட்டரி ஏறக்குறைய 500 மணி நேரம் தாங்கும்.

பிறகு நுனிக்கும் அடிமுனைக்கும் இடையே டிசி மின்னழுத்தத்தை அளந்து பாருங்கள். சில மில்லிவோல்ட்டுக்கு மேல் நிலையாக நின்றால் வெளியீட்டுக் கெப்பாசிட்டர் கசிகிறது. வால்யூமைத் திருப்பும்போது கரகரப்பதும் இதனால்தான்.

ஆம்ப்ளிஃபையரைக் குறைந்த ஒலியில் வைத்து, எட்டுக் காந்தங்களையும் ஸ்க்ரூடிரைவரால் தட்டிப் பாருங்கள். எல்லாம் ஒரே அளவில் 'டொக்' என வர வேண்டும். இரைச்சல் இருந்து, தந்தியைத் தொட்டதும் குறைந்தால் எர்த் சரி, ஷீல்டிங்தான் போதவில்லை. தொட்டதும் கூடினால் எர்த்தும் சூடான ஒயரும் இடம் மாறியிருக்கின்றன.

கடைசியாக பிக்கப்பின் உயரம். தந்தியைக் கடைசி ஃப்ரெட்டில் அழுத்திப் பிடித்தபடி, ஈ தந்திக்குக் கீழே 3 மில்லிமீட்டர், ஜி-க்குக் கீழே 2.5 என்று தொடங்கிக் காதால் திருத்துங்கள். மிக நெருங்கினால் காந்தம் தந்தியை இழுக்கும். மேல் ஃப்ரெட்டுகளில் சுருதி அலையும். அதை ட்யூனிங் கோளாறு என்று நினைத்து பிரிட்ஜைத் திருகத் தொடங்குவார்கள். பழைய பிக்கப், போர்டு, பாட்கள், திருகுகள் எல்லாவற்றையும் ஜிப் பையில் போட்டு, வரைந்த தாளையும் உள்ளே வைத்து, கிட்டார் பெட்டியிலேயே வைத்துவிடுங்கள்.