கல்லைக் காலாக்கும் பாட்டு: முன்பள்ளியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிளிநொச்சியானாலும் மல்லாவியானாலும், புதிதாக நேசரிக்குப் படிப்பிக்க வரும் ரீச்சர்மார் முதலில் தேடுவது பாட்டைத்தான். நல்ல தேட்டம். மூன்று, நான்கு வயதுப் பிள்ளையின் காதில் எழுத்தின் ஒலியை ஏற்ற இதைவிட எளிய வழி கிடையாது. பாட்டு நீண்டுபோனது, பிள்ளைகள் களைத்தது, சத்தம் கூடியது என்பவற்றை இங்கே எழுதவில்லை. அவை ஒரு கிழமையில் தாமாகவே பிடிபட்டுவிடும். கீழே உள்ளவை அப்படிப் பிடிபடாது. பிள்ளை தரம் 1 இல் சொல்வதெழுதுதல் எழுதும்போதுதான் வெளியே வரும். அப்போது நேசரி ரீச்சர் பக்கத்தில் இருக்கமாட்டார்.

குறிலை இழுத்துப் பாடுவது

எல்லாவற்றிலும் விலை கூடிய பிழை இதுதான். வருடாவருடம் திரும்பத் திரும்ப நடக்கிறது.

கல்லுக்கும் காலுக்கும் எழுத்தில் உள்ள வேறுபாடு ஓர் அரவு, அதாவது 'ா' என்ற குறி. ஒலியில் உள்ள வேறுபாடு ஒரு மாத்திரை. குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை என்று இலக்கணத்தில் படித்த அதே மாத்திரைதான். அந்த ஒரு மாத்திரையைக் காது பிடித்தால்தான் அரவு எதற்கு என்பது பிள்ளைக்கு விளங்கும். மெட்டு அந்த இடத்திலேயே கை வைக்கிறது. நாலு தட்டுத் தாளத்தில் 'கல்' என்ற சொல்லுக்கு இரண்டு தட்டு ஒதுக்கினால், மிச்ச இடத்தை நிரப்ப வாய் தானாகவே 'கஅஅல்' என்று நீளும். சொல் எழுதிய மட்டையில் இருப்பது 'கல்'. பிள்ளை கேட்பது 'கால்'.

ஒரு நேசரியில் நான்கு வயதுச் சின்னவள் ஒருத்தி, 'படம்' என்று எழுதிக் காட்டினால் 'பாடம்' என்றாள். 'பாடம்' என்று எழுதிக் காட்டினாலும் 'பாடம்' என்றாள். பார்வையில் ஏதும் குறையோ என்று ரீச்சர் தாயிடம் கேட்டுவிட்டார். பார்வையில் ஒரு குறையும் இல்லை. அவள் நாள்தோறும் பாடிய பாட்டில் 'படம்' என்ற சொல் ஒரு தரமாவது குறுகி வந்ததில்லை, அவ்வளவுதான். அந்தத் தாய் வீணாகக் கலங்கிப்போனார்.

இதில் ஆத்திரம் வருவதற்குக் காரணம், பிழை நல்ல எண்ணத்தோடு தொடங்குவதுதான். 'சின்னப் பிள்ளைகள், மெதுவாகப் பாடுங்கோ' என்று எல்லோரும் சொல்வார்கள். சரி. ஆனால் எங்கே மெதுவாக்குவது என்று ஒருவரும் சொல்வதில்லை. ரீச்சர் முழு மெட்டையும் இழுத்துவிடுகிறார். இழுவையெல்லாம் உயிரொலியில் போய் விழுகிறது. சொல்லைப் பேச்சில் வரும் அளவிலேயே சொல்லுங்கள். மெதுவாக்க வேண்டியது சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே. 'கல்' என்று சொல்லி ஒரு தட்டு மௌனம் விட்டு, பிறகு 'எடு'. நீட்டித்தான் ஆகவேண்டும் என்றால் நெடிலில் நீட்டுங்கள், அல்லது சொல்லின் கடைசியில் நிற்கும் ம், ன், ல் ஆகியவற்றில் நீட்டுங்கள். 'படம்ம்ம்' என்று எவ்வளவு நீட்டினாலும் படம் பாடமாகாது.

பாட்டை நீங்களே கட்டலாம். சினிமா மெட்டு தேவையில்லை. அதன் இழுவை உங்கள் சொல்லுக்காகப் போட்டது அல்ல. இப்படி மூன்று வரி போதும்:

கல் எடு, கால் கழுவு
குடை பிடி, கூடை தூக்கு
படம் கீறு, பாடம் படி

ஒவ்வொரு சோடியிலும் முதல் எழுத்துக்கு மட்டும் கைச்செயல். 'க' வந்தால் ஒரு தட்டு, கை உடனே பிரியவேண்டும். 'கா' வந்தால் தட்டிய கைகளை அப்படியே தோளகலத்துக்கு விரிக்கவேண்டும். எல்லா எழுத்துக்கும் கைச்செயல் வைக்கப் போகவேண்டாம். 'குடை' என்பதில் கடைசி ஐ பேச்சில் குறுகித்தான் வரும். அதற்குக் கையை விரிக்கச் சொன்னால் பிள்ளைக்கும் குழப்பம், உங்களுக்கும் குழப்பம்.

கிழமைக் கடைசியில் கல், கால், குடை, கூடை, படம், பாடம் என்று ஆறு மட்டை வெட்டுங்கள். படம் ஒட்டக்கூடாது. பாடாமல், சாதாரணப் பேச்சில் ஒரு சொல்லைச் சொல்லி எடுக்கச் சொல்லுங்கள். மூன்று சோடியில் இரண்டைப் பிள்ளை மாற்றி எடுத்தால், பிள்ளையைத் திருத்துவதற்கு முன் நீங்கள் பாடியதைப் போனில் பதிந்து கேளுங்கள். பெரும்பாலும் இழுவை அங்கே இருக்கும்.

மனப்பாடத்தை வாசிப்பென்று நம்புவது

உயிரெழுத்துப் பன்னிரண்டையும் படத்தோடு பாடி முடிக்கும் பிள்ளையைப் பார்த்துத் தாய் தகப்பன் பூரித்துப்போவார்கள். 'ஊ' எழுத்தை மட்டும் தனியாகக் காட்டுங்கள். பிள்ளை 'அ' விலிருந்து பாடிக்கொண்டே வந்து ஊவில் நிற்கும், அல்லது ஊஞ்சல் படத்தைத் தேடும். இது பிள்ளையின் குறையில்லை. படமும் வரிசையும் விடையைச் சொல்லிக் கொடுக்கும்போது எழுத்தைப் பார்க்கவேண்டிய தேவை பிள்ளைக்கு ஏற்படவில்லை.

பாட்டைப் படமில்லாமல் டிமைத்தாளில் (பெரிய தாளில்) எழுதுங்கள். நான்கு வரிக்கு மேல் வேண்டாம். பதினைந்து பிள்ளைகள் நிலத்தில் இருந்து பார்ப்பதென்றால் எழுத்து ஐந்து சென்றிமீற்றர் உயரமாவது இருக்கவேண்டும். சொற்களுக்கு நடுவே மூன்று விரல் இடைவெளி. தடியால் சொல்லுக்குக் கீழே தொட்டுக்காட்டிப் பாடுங்கள், மேலே வைத்தால் விசிறியும் ('ி' குறி) குற்றும் (மெய்யின் மேல் புள்ளி) மறையும். இரண்டாம் நாள் தடி பிள்ளையின் கைக்குப் போகவேண்டும். வாய் 'தூக்கு' என்னும்போது தடி 'பிடி' யில் நின்றால் பிள்ளை இன்னும் பாடுகிறது, வாசிக்கவில்லை. மூன்றாம் நாள் வரிகளை வெட்டி இடம்மாற்றி ஒட்டுங்கள்.

கல்லு, பல்லு, நெல்லு

வீட்டில் அப்படித்தான் பேசுகிறோம், அதில் ஒரு பிழையுமில்லை. ஆனால் தாளில் 'நெல்' என்று எழுதிவிட்டு 'நெல்லு' என்று பாடினால், தடியின் கணக்கும் வாயின் கணக்கும் சேராது. எழுதியதை எழுதியபடி பாடுங்கள். அல்லது பாடுவதை அப்படியே எழுதுங்கள். குற்றுப் போட்ட எழுத்தைப் பழக்கும்போது ல், ம், ன், ர் என்பவற்றோடு தொடங்குவது நல்லது. நாக்கை மேலே ஒட்டவைத்து 'ல்ல்ல்' என்று பிடித்து வைத்திருக்கலாம். க், ட், ப் ஆகியவற்றைத் தனியே பிடிக்கமுடியாது. பிடிக்கப் போனால் 'கு', 'டு', 'பு' என்று ஓர் உகரம் ஒட்டிக்கொள்ளும்.

'ப' வுக்குப் பணிஸ்

'ப' பாட்டில் பல், பழம், பனை என்று வந்து நடுவில் பஸ், பலூன், பணிஸ் வருகின்றன. வாயால் சொல்லிப் பாருங்கள்: இரண்டு வேறு ஒலிகள். காதால் எழுத்தைப் பிடிக்கப் பழகும் பிள்ளைக்கு இது பெரிய தடங்கல். முதல் மாதம் ஓர் எழுத்துக்கு ஓர் ஒலி போதும். 'க' என்றால் கல், கண், கடல், கதவு; நகமும் சங்கும் பிறகு வரட்டும். ஒட்டகத்தைக் காணாத பிள்ளைக்கு 'ஒ' வை ஒட்டகத்தால் தொடங்குவதும் வீண். உடும்பு, எருமை, ஏணி, வரம்பு, குளம் எல்லாம் கண்முன்னே இருக்கின்றன.

போனில் பாட்டுப் போட்டுவிட்டு ஒதுங்குவது

போன் நடுவில் நிறுத்திப் பிள்ளையிடம் கேள்வி கேட்காது. நீங்கள் பாடுங்கள்.

மாரியில் தகரக் கூரைக்குக் கீழே பாடுவது

மழை இரைச்சலில் சொல்லின் கடைசி மெய் கேட்காது. அன்றைக்கு மட்டை விளையாட்டு.

மெட்டைக் கடைசிவரை விடாதது

பாட்டை நல்லாய்ச் செய்கிற ரீச்சர்மார் தவறும் இடம் இது. பிள்ளைகள் மகிழ்ச்சியாகப் பாடுகிறார்கள் என்று ஒரே பாட்டை ஒரு தவணை முழுக்க அப்படியே பாடவைக்கிறார்கள். நான்காம் நாள் மெட்டை எடுத்துவிட்டுத் தாளத்தை மட்டும் வைத்து வரிகளைச் சொல்லச் சொல்லுங்கள். ஐந்தாம் நாள் தாளமும் வேண்டாம். அதே சொற்களால் பாட்டில் இல்லாத வரி ஒன்றைக் கரும்பலகையில் எழுதுங்கள்: 'குடை எடு', 'கூடை கழுவு', 'கால் படம் கீறு'. ஒன்றும் சொல்லிக் கொடுக்காமல் பொறுத்திருங்கள். பிள்ளை முதலில் வாய்க்குள் பாட்டை ஓட்டிப் பார்க்கும், அது பொருந்தாது என்று கண்டதும் எழுத்துக்குத் திரும்பும். அதற்குப் பத்து விநாடிகூட எடுக்கலாம். மூன்று வரியில் இரண்டை வாசித்துவிட்டால் அடுத்த பாட்டுக்குப் போகலாம். வாசிக்காவிட்டால் தடியைத் திரும்பக் கையில் கொடுங்கள்.