காளான் எடுத்து முடித்த வைக்கோலைக் காய்கறித் தோட்டத்தில் போடுவது எப்படி?

சிப்பிக் காளான் வளர்ப்பவர்கள் இரண்டு மூன்று அறுவடை முடிந்ததும் படுக்கையை, அதாவது பாலித்தீன் பையில் அடைத்த வைக்கோலை, தூக்கி வெளியே போட்டுவிடுவார்கள். கேட்டால் பெரும்பாலும் சும்மாவே கிடைக்கும். முதல்முறை நான் ஏழெட்டுப் படுக்கைகளை வாங்கிவந்து, அப்படியே உதிர்த்து மண்ணில் கலந்து கத்தரி நட்டேன். இருபதே நாளில் இலையெல்லாம் வெளிறிவிட்டது. வைக்கோல் பாதிதான் மக்கியிருந்தது; மீதியை மக்கவைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணிலிருந்த தழைச்சத்தை (நைட்ரஜனை) செடிக்கு முன்பே எடுத்துக்கொண்டன.

அதனால் முதலில், எந்தக் காளான் என்று கேளுங்கள். சிப்பிக் காளான் என்றால் வெறும் வைக்கோல்தான், மக்கவைத்தால் போதும். பால் காளான் படுக்கையின் மேல் சுண்ணாம்பு கலந்த மண் இருக்கும். உங்கள் மண் ஏற்கெனவே களர் (காரத்தன்மை மிகுந்த மண்) என்றால் அதைத் தவிர்த்துவிடுங்கள். ஊட்டிப் பக்கம் வளரும் மொட்டுக் காளானுக்குக் கோழி எரு, ஜிப்சம் எல்லாம் சேர்ப்பார்கள். சத்து அதிகம், உப்பும் அதிகம். ஒரு மழைக்காலம் வெளியில் நனையவிட்டு எடுங்கள். பீன்ஸ், இளம் நாற்றுகள் உப்பைத் தாங்காது.

அடுத்து, பாலித்தீன் பையை முழுசாக உரியுங்கள். இதில் சோம்பல்பட்டால் வருடக்கணக்கில் மண்வெட்டியில் துணுக்கு மாட்டும்.

அப்புறம் குவியல். நிழலில் ஓர் அடுக்கு வைக்கோல், அதன்மேல் சாணக் கரைசல் என்று இடுப்பளவு ஏற்றுங்கள். கையில் பிழிந்தால் விரலிடுக்கில் ஈரம் கசிய வேண்டும், ஒழுகக் கூடாது. பத்து நாளுக்கு ஒருமுறை கிளறிவிட்டால் ஏறக்குறைய இரண்டு மாதத்தில் கறுத்து, மண்வாசனை வரும். நடுவில் குவியலில் ஏதாவது காளான் முளைக்கும். இலவசம் என்று குழம்பு வைத்துவிடாதீர்கள், அது எந்தக் காளான் என்று யாருக்குத் தெரியும்?

வைக்கோல் சரியாக மக்கியதா என்று சந்தேகமிருந்தால் ஒரு கொட்டாங்குச்சியில் அதை மண்ணோடு கலந்து வெந்தயம் தூவுங்கள். ஒரு வாரத்தில் பச்சையாக எழுந்தால் சரி. தொட்டி, பைகளுக்கு மண்கலவையில் நாலில் ஒரு பங்கு. பாத்தியில் இரண்டு விரல் கனத்துக்குப் பரப்பிக் கொத்திவிடுங்கள்.

இரண்டு மாதம் பொறுமை இல்லையா? மக்காத வைக்கோலை மண்ணோடு கலக்காமல் மூடாக்காக மேலே போடுங்கள். மேலே கிடக்கும்வரை தழைச்சத்தை அவ்வளவாக இழுக்காது. தண்டை ஒட்டாமல் நாலு விரல் தள்ளிப் போட வேண்டும், இல்லாவிட்டால் ஈரத்தில் அடித்தண்டு அழுகும். என் தக்காளிக்குச் சித்திரை வெயிலில் தினமும் ஊற்றிய தண்ணீரை இப்போது ஒருநாள் விட்டு ஒருநாள்தான் ஊற்றுகிறேன்.