பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கு நிறம் தேர்வு செய்வது எப்படி?

டிங்கரிங் முடிந்து, சாம்பல் நிறப் பிரைமருடன் வண்டி நிற்கும்போதுதான் ‘என்ன கலர் அடிக்கலாம்?’ என்ற பேச்சைப் பெரும்பாலானோர் எடுக்கிறார்கள். அதற்குள் காலம் கடந்துவிடுகிறது. பழைய பெயிண்டை முழுவதும் உரித்துவிட்டால், தொழிற்சாலையிலிருந்து அந்த வண்டி எந்த நிறத்தில் வந்தது என்பதற்கான தடயமும் அதோடு போய்விடும். அடர்நிறம் என்றால் சின்ன நெளிவுகூடத் தெரியும் என்பதால், தகடு வேலையையே இன்னும் நுணுக்கமாகச் செய்ய வேண்டியிருக்கும். ஆகவே எம்.ஜி. நிறுவனத்தின் எம்.ஜி.பி., டிரையம்ப் ஸ்பிட்ஃபயர், ஜாகுவார் போன்ற பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைச் சீரமைக்க எடுப்பவர், பட்டறையில் விடுவதற்கு முன்பே நிறத்தை முடிவு செய்துகொள்வது நல்லது.

முதலில் அசல் நிறத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். டாஷ்போர்டின் அடிப்பக்கம், டிக்கி விரிப்பின் கீழ், முன்கண்ணாடி ரப்பரின் உட்புறம் ஆகிய இடங்களில் வெயில் படாததால் நிறம் வெளுக்காமல் இருக்கும். கதவுத் தூணில் மறைவான ஓரிடத்தில், ஒரு ரூபாய் நாணய அளவுக்கு 800 எண் வாட்டர் பேப்பரைத் தண்ணீர் விட்டு மெல்லத் தேய்த்து, ஓரங்களை 1500 எண் பேப்பரால் வழவழப்பாக்கினால், அடுக்குகள் வளையம் வளையமாகத் தெரியும். நடுவில் பளபளக்கும் தகடு, அதைச் சுற்றிப் பிரைமரின் மெல்லிய கோடு, பிறகு வெளிர் நீலம், அதற்கு வெளியே எவரோ பின்னாளில் அடித்த சிவப்பு, எல்லாவற்றுக்கும் வெளியே இன்றைய வெள்ளை என்று அந்த வண்டியின் வரலாறே அங்கே இருக்கும். அடிப் பிரைமரை ஒட்டிய முதல் நிறமே அசல் நிறம். இன்னும் உறுதி வேண்டுமானால், இங்கிலாந்தின் கேடன் என்ற ஊரிலுள்ள பிரிட்டிஷ் மோட்டார் மியூசியம், எம்.ஜி. உள்ளிட்ட பல பிரிட்டிஷ் வண்டிகளின் தயாரிப்புப் பதிவேடுகளைப் பார்த்துக் கட்டணத்தின் பேரில் சான்றிதழ் வழங்குகிறது. பதிவேட்டில் நிறம் குறிக்கப்பட்டிருந்தால் அதுவும் அதில் இருக்கும்.

அசல் நிறம் பிடிக்கவில்லை என்றால், அதே நிறுவனம் அதே ஆண்டுகளில் விற்ற வேறொரு நிறத்தை எடுப்பதே என் யோசனை. 1962இல் எம்.ஜி.பி. வந்தபோது அதற்கு டார்ட்டன் ரெட், ஐரிஸ் ப்ளூ, ஓல்டு இங்கிலீஷ் ஒயிட் போன்ற நிறங்கள் இருந்தன. கடைசியாகச் சொன்னது சுத்த வெள்ளை அல்ல, லேசான மஞ்சள் கலந்த வெள்ளை. அந்தக் காலப் பந்தயங்களில் நாட்டுக்கு ஒரு நிறம் என்ற வழக்கமும் இருந்தது. இத்தாலிக்குச் சிவப்பு, பிரான்சுக்கு நீலம், ஜெர்மனிக்கு வெள்ளையும் பின்னர் வெள்ளியும் உரியவையாயின. பிரிட்டனின் பச்சை, 1903இல் அயர்லாந்தில் நடந்த கார்டன் பென்னட் கோப்பைப் பந்தயத்தோடு தொடர்புடையது. ஆங்கிலேய வண்டிக்குச் சிவப்பு ஆகாது என்றில்லை. ஆனால் இத்தாலிய ஃபெராரியின் சிவப்பை எம்.ஜி.க்கு அடிப்பது வேறொருவரின் சட்டையை மாட்டிவிடுவதாகவே எனக்குப் படுகிறது.

பச்சையில் ஒரு சட்டச் சிக்கலும் உண்டு. மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி ஆலிவ் பச்சை பாதுகாப்புத் துறை வண்டிகளுக்கு மட்டுமே உரியது. எனவே மஞ்சள் சாயல் கொண்ட மங்கலான பச்சையைத் தவிர்த்து, கருமையோ நீலமோ தொனிக்கும் ஆழ்ந்த பச்சையை எடுக்க வேண்டும். எந்த நிறத்துக்கு மாறினாலும் ஆர்.சி. புத்தகத்தில் உள்ள நிறத்தை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் திருத்திக்கொள்ள வேண்டும்.

அடுத்தது நம் ஊர் வெயில். கத்திரி நாட்களில் மதுரையில் வெட்டவெளியில் நின்ற கறுப்பு வண்டியின் பானெட்டில் கை வைக்க முடியாது. நாகமலைப் பக்கம் ஒரு சுற்று போய் வந்தால் புழுதியும், போர்வெல் தண்ணீரில் கழுவினால் உப்புக்கறையும் அதில் அப்பட்டமாகத் தெரியும். சிவப்பு நிறமிகள் வெயிலில் வெளுக்கும் வாய்ப்பு அதிகம் என்பதால், சிவப்பை விரும்புவோர் கூரையுள்ள நிறுத்துமிடத்தை முதலில் தயார் செய்ய வேண்டும். வெள்ளையும் கிரீமும் சூட்டைக் குறைவாக வாங்கும், கீறலை மறைக்கும். ஆனால் உச்சி வெயிலில் வளைவுகள் எல்லாம் தட்டையாகத் தெரிவது அவற்றின் குறை. ஜாகுவார் இ-டைப் போன்ற நீண்ட பானெட் வண்டியின் அழகே அதன் மேல் ஓடும் ஒளிக்கோட்டில் இருப்பதால் அதற்கு ஆழ்ந்த நிறமும், சிறிய எம்.ஜி.க்கு வெளிர்நிறமோ நடுத்தர நீலமோ பொருந்தும்.

ஷேடு கார்டை மட்டும் பார்த்து முடிவு செய்யக் கூடாது. விரல் அகலத் துண்டில் அடக்கமாகத் தோன்றும் நிறம் முழு வண்டியில் இன்னும் பளிச்சென்று தெரியும். மதுரை விளக்குத்தூண் பக்கம் பட்டு எடுப்பவர்கள் சேலையைக் கடை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து பார்ப்பதுபோல, நிறத்தையும் வெளியே கொண்டுவந்துதான் பார்க்க வேண்டும். பழைய மட்கார்டு ஒன்றை வாங்கி, வண்டிக்கு அடிக்கப் போகும் அதே பிரைமரைப் பூசி, அதன் மேல் நிறத்தை முழுக் கோட்டாக அடித்து, ஒரு நாள் காயவிட்ட பிறகு காலை ஏழு மணிக்கும் நண்பகலிலும் மாலையிலும் தெருவிளக்கின் கீழும் வைத்துப் பார்க்க வேண்டும். டியூப் லைட்டில் ஒன்றாகத் தெரியும் இரண்டு நிறங்கள் வெயிலில் வேறுபடுவது உண்டு. சிவப்பு, மஞ்சள் போன்ற நிறங்கள் அடியில் உள்ள பிரைமரின் நிறத்தை எளிதில் காட்டிக்கொடுக்கும் என்பதால், மாதிரிக்கு வெள்ளை பிரைமரும் வண்டிக்குச் சாம்பல் பிரைமரும் அடித்தால் இரண்டும் ஒத்துப்போகாது. வளைந்த தகட்டில் பார்ப்பதும் முக்கியம். தட்டையான பலகையில் அந்த ஒளிக்கோடு விழாது.

மெட்டாலிக் அல்லாத அறுபதுகளின் சாதாரண நிறங்களுக்கு, நிறத்தின் மேல் பூசும் நிறமற்ற பளபளப்பு அடுக்கான கிளியர் கோட் தேவையில்லை. ஒரே அடுக்கில் பளபளப்புத் தரும் பி.யு. (பாலியூரித்தேன்) பெயிண்டே அந்தக் காலத் தோற்றத்துக்கு நெருக்கமானது. உலோகத் துகள் மினுங்கும் மெட்டாலிக் என்றால், நிறத்துக்கான பேஸ் கோட்டும் அதன் மேல் கிளியரும் வேண்டும். பின்னால் கீறல் விழுந்தால் சிறு இடத்தை மட்டும் ஒட்டுப்போட்டு மறைப்பதும் கடினம். பி.யு. பெயிண்டை இறுகச் செய்யக் கலக்கும் ஹார்டனரில், மூச்சுக்குழாயைப் பாதிக்கும் ஐசோசயனேட் என்ற வேதிப்பொருள் இருப்பதால், பெயிண்டர் துணியால் மூக்கைக் கட்டிக்கொண்டு அடிப்பது போதாது. வெளிக்காற்றுக் குழாயுடன் கூடிய முகமூடியே பாதுகாப்பானது. கறுப்போ கரும்பச்சையோ அடிப்பதாக இருந்தால் ஆடியில் நாள் குறிக்க வேண்டாம். ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும் என்றால், பெயிண்ட் காய்வதற்குள் வந்து ஒட்டும் பட்டறைப் புழுதியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

இருக்கை உறை, மடக்குக் கூரை, சக்கரம் மூன்றையும் மாதிரித் தகட்டின் அருகே வைத்துப் பார்த்த பிறகே மிக்ஸிங் கடையில் பெயிண்டுக்குச் சொல்ல வேண்டும். வண்டி முழுவதற்குமான அளவை ஒரே தடவையில் கலக்கச் சொல்லி, மிக்ஸிங் அளவுக் குறிப்பையும் மாதிரித் தகட்டின் ஒரு துண்டையும் வாங்கி வைத்துக்கொண்டால், பின்னாளில் ஒரு மட்கார்டை மட்டும் மீண்டும் அடிக்க நேரும்போது பெயிண்டர் கண் மதிப்பில் நிறம் கூட்ட வேண்டியிருக்காது.