அரசியல் பக்கத்தில் ஜோக் போடுகிறீர்களா? நான் விழுந்த பள்ளங்கள் இவை

அரசியல்வாதிகளின் சமூக ஊடகப் பக்கங்களை நடத்துவதுதான் என் பிழைப்பு. புதிதாக வருகிற பிள்ளைகள் எழுதுவதைப் பார்க்கும்போதெல்லாம், 'இதே பள்ளத்தில்தானே நானும் விழுந்தேன்' என்று தோன்றுகிறது. எழுத்துப்பிழை, சொந்தக் கணக்கு என்று நினைத்துத் தலைவர் கணக்கில் பதிவிடுவது எல்லாம் ஒரு முறை திட்டு வாங்கினால் சரியாகிவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

புகாருக்கு ஜோக்கால் பதில் சொல்வது

இதை நினைத்தால் இன்றைக்கும் எரிச்சல் வருகிறது, என் மீதேதான். 'எங்கள் தெருவிளக்கு எரிந்தே 12 நாளாகிறது' என்று ஒருவர் இருட்டுப் படம் ஒன்றைப் போட்டு எங்கள் பக்கத்தை டேக் செய்திருந்தார். எனக்கோ கை துறுதுறுத்தது. 'நிலா வெளிச்சத்தில் நடக்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டுமே!' என்று தட்டிவிட்டேன். கட்சிக்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். லைக் எகிறியது. நானும் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன்.

நாலாம் நாள் அதே இருட்டில் அவருடைய அம்மா தடுக்கி விழுந்து கையை முறித்துக்கொண்டார். மாவுக்கட்டு போட்ட கையின் படம், பக்கத்திலேயே என் பதிலின் ஸ்கிரீன்ஷாட். அப்புறம் என்ன? அவசரமாக அழித்தோம், 'ஏன் அழித்தீர்கள்' என்று இன்னொரு சுற்று. தேர்தல் முடியும்வரை போன இடமெல்லாம் தலைவரிடம் 'நிலா எப்படி இருக்கிறது?' என்று கேட்டார்கள். எழுதியவன் நான். வாங்கிக் கட்டிக்கொண்டவர் அவர்.

பெரிய இடத்திலும் இது நடந்திருக்கிறது. 2015 ஆகஸ்டில், அமெரிக்க அதிபர் தேர்தலுக்காகக் களத்தில் இருந்த ஹிலாரி கிளின்டனின் ட்விட்டர் கணக்கு, கல்விக்கடனை நினைத்தால் மனம் எப்படி இருக்கிறது, 3 இமோஜிக்குள் சொல்லுங்கள் என்று கேட்டது. கடன் சுமையைக் குறைக்க அவர் திட்டம் அறிவித்த அதே வாரம் அது. கடனாளிகள் குதறிவிட்டார்கள். திட்டத்தைப் பற்றிப் பேச வேண்டியவர்கள் இமோஜியைப் பற்றிப் பேசினார்கள்.

எதிர்ப்பக்கம் பாருங்கள். 2014 மார்ச்சில் ஒபாமா, நகைச்சுவை நடிகர் ஸாக் கலிஃபியனாகிஸ் நடத்திய கிண்டல் பேட்டியில் உட்கார்ந்து கிண்டலை வாங்கிக்கொண்டே தன் அரசின் மருத்துவக் காப்பீட்டு இணையதளத்தைப் பற்றிச் சொன்னார். அந்தத் தளத்துக்கு முந்தின நாளைவிட 40 சதவீதம் கூடுதலாக ஆட்கள் வந்தார்கள். சிரித்தவர்கள் போய்ச் சேர ஒரு இடம் இருந்தது. என் நிலா ஜோக்கைக்கூட, விளக்கைப் போட்டுவிட்டு அந்தப் படத்தோடு எழுதியிருந்தால் எடுபட்டிருக்கும்.

லைக்கை ஓட்டாக எண்ணுவது

2016 ஜூனில் கிளின்டன் கணக்கு, தேர்தலில் எதிர்த்து நின்ற டிரம்ப்பைப் பார்த்து 'கணக்கை அழித்துவிட்டுப் போ' என்றது. இணையமே கொண்டாடியது. நவம்பரில் ஜெயித்தது யார்?

தன்னை விட்டுவிட்டு ஊரையே கேலி செய்வது

முதலில் தன்னைக் கேலி செய்துகொள்ளத் தெரிய வேண்டும். 'லெட்ஸ் கோ பிராண்டன்' என்பது அமெரிக்க அதிபராக இருந்த பைடனைத் திட்ட எதிராளிகள் வைத்திருந்த மறைமொழி. அவருடைய ஆட்கள் அதையே எடுத்து, கண்ணில் லேசர் பாயும் 'டார்க் பிராண்டன்' ஆக்கி, சட்டையில் அச்சடித்து விற்றார்கள். வசவைத் தானே மாட்டிக்கொண்டு திரிகிறவரை எதைச் சொல்லித் திட்டுவது?

தலைவருக்கே புரியாத மீம்

மேடையில் அர்த்தம் கேட்பார்கள். முழிப்பார்.

நேரம் குறித்து வைத்த ஜோக்

தானாகப் பதிவாகும்படி முன்பே நேரம் குறித்து வைத்த ஜோக் எதுவானாலும், விபத்துச் செய்தி வந்த நிமிடமே நிறுத்துங்கள். இரங்கல் அறிக்கை எழுத உட்காருவது அதற்கு அப்புறம்.