உறுதியான பட்டன் போன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கீழே விழுந்தாலும் உடையாது, தண்ணீர் பட்டாலும் கெடாது என்று நம்பி நான் வாங்கிய பட்டன் போன், ஒரு வாளித் தண்ணீரில் விழுந்த அன்றே உயிரை விட்டது. எடுத்துப் பார்த்தபோது சார்ஜ் துளையின் ரப்பர் மூடி சரியாக அமராமல், ஒரு மூலையில் நகக்கண் அளவுக்குத் தூக்கிக்கொண்டு இருந்தது. குறை போனில் இல்லை; முந்தைய இரவு சார்ஜ் போட்டுவிட்டு மூடியை அழுத்தி மூடாத என்னிடம்தான் இருந்தது.

இத்தகைய போன்களில் தண்ணீரைத் தடுப்பது தடித்த வெளிக்கூடு மட்டுமல்ல, மூடிகளிலும் பின்பக்க இணைப்பிலும் உள்ள மெல்லிய ரப்பர் வளையமும்தான். பேட்டரியையோ சிம்மையோ மாற்றும்போது அந்த வளையத்தின் மேல் ஒரு தலைமுடியோ நாலைந்து மணல் துகள்களோ ஒட்டிக்கொண்டால்கூட, தண்ணீர் புக அந்த இடைவெளி போதும். ஆகவே ஒவ்வொரு முறை திறக்கும்போதும் வளையத்தை மென்மையான துணியால் துடைத்துவிட்டு, திருகுகளை ஒரே சீராக இறுக்க வேண்டும். பேட்டரி உப்பத் தொடங்கினால் பின்மூடியை உள்ளிருந்து நெம்பித் தூக்கிவிடும் என்பதால், 'இன்னும் வேலை செய்கிறதே' என்று அதைத் தொடர்ந்து பயன்படுத்துவது பெரிய தவறு. உப்பிய பேட்டரி தீப்பிடிக்கவும் கூடும்.

அட்டைப்பெட்டியில் உள்ள எண்களைத் தவறாகப் புரிந்துகொள்வதும் பரவலாக நடக்கிறது. தூசும் நீரும் புகாமல் தடுக்கும் திறனைக் காட்டும் ஐபி67 என்ற குறியீட்டில் 6 தூசு முற்றிலும் புகாது என்பதையும், 7 ஒரு மீட்டர் ஆழ நன்னீரில் 30 நிமிடம் தாங்கும் என்பதையும் குறிக்கின்றன. ஐபி68 என்றால் அதைவிடக் கடுமையான சோதனைதான், ஆனால் எவ்வளவு ஆழம், எவ்வளவு நேரம் என்பதைத் தயாரிப்பாளரே வரையறுப்பதால், கையேட்டைப் படிக்காமல் முடிவுக்கு வரக் கூடாது. மூழ்கினால் தாங்கும் போன், குழாயிலிருந்து பீய்ச்சி அடிக்கும் நீரையும் தாங்கும் என்று கொள்ள முடியாது. அது தனிச் சோதனை. கடல்நீர், சோப்புநீர், கொதிக்கும் நீர் ஆகியவையும் இந்தக் கணக்கில் வருவதில்லை. கடல்நீர் பட்டுவிட்டால், மூடிகள் இறுக மூடியிருப்பதை உறுதிசெய்துகொண்டு நன்னீரில் மெதுவாக அலசி உலர விடுவதே நல்லது.

அமெரிக்க ராணுவத் தரமான மில்-எஸ்டிடி-810 என்ற முத்திரையும் அப்படியே. அதில் பல சோதனைகள் உள்ளன. எவற்றை நடத்துவது என்பதைத் தயாரிப்பாளரே தேர்ந்தெடுக்கலாம். இந்த வகையில் அடிக்கடி சொல்லப்படும் விழும் உயரம் 1.22 மீட்டர், அதாவது ஏறத்தாழ நான்கு அடி. ஏணி உச்சியிலிருந்து விழுந்தாலும் தப்பும் என்ற உறுதி அதில் இல்லை.

ஈரமான துளையில் சார்ஜ் போடவே கூடாது, மின்முனைகள் அரித்துப்போகும். அரிசிக்குள் புதைத்து வைப்பதால் பயனில்லை, அரிசித் தூளும் மாவும் துளைக்குள் சேர்வதுதான் மிச்சம். காற்றோட்டமான இடத்தில் துளை கீழ்நோக்கி இருக்குமாறு வைத்தால் போதும். உறைநிலைக் குளிரில் கிடந்த போனையும் உடனே சார்ஜில் போடாமல், அறை வெப்பத்துக்கு வந்தபின் போட வேண்டும், ஏனெனில் 0 டிகிரிக்குக் கீழே சார்ஜ் ஏற்றினால் லித்தியம் அயான் பேட்டரி நிரந்தரமாகப் பழுதடையலாம்.

வெளிக்கூட்டின் வலிமையிலேயே கண்ணாக இருந்து, அலைவரிசையை மறந்துவிடுவோரும் உண்டு. பல நாடுகளில் 2ஜி, 3ஜி சேவைகள் நிறுத்தப்பட்டு வருவதால், 4ஜி வழியாகவே குரல் அழைப்பு பேசும் வோல்டி வசதி இருக்கிறதா, அது உங்கள் சேவை நிறுவனத்தின் சிம்மில் இயங்குகிறதா என்பதை வாங்கும் முன்பே கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். ஆபத்துக்கால அழைப்புப் பொத்தான் இருந்தால், அதில் எண்களைப் பதிந்து, அந்த எண்ணுக்கு உரியவரிடம் சொல்லிவிட்டு, ஒருமுறை அழுத்தியும் பார்த்துவிடுங்கள்.