புகைபோக்கியை உயர்த்தினால் புகை குறையாது: அனல்மின் நிலையங்களில் காசு வீணாகும் இடங்கள்

2022 டிசம்பர் 9ஆம் திகதி புகைமூட்டத்துக்காக இலங்கை முழுக்கப் பள்ளிக்கூடம் மூடினார்களே, நினைவிருக்கா? மாண்டஸ் புயல் நேரம் வாடைக்காற்று இந்தியப் பக்கமிருந்து அள்ளிவந்த புகை, வயல் எரிப்பு, வாகனம், அனல்மின் நிலையம் எல்லாம் கலந்தது. உயரமான புகைபோக்கி கட்டினால் போதும் என்பவர்களிடம் நான் இதைத்தான் சொல்வேன். புகைபோக்கி எதையும் பிடிப்பதில்லை, பக்கத்து ஊரில் விழவேண்டியதைத் தூரத்து ஊருக்கு அனுப்புகிறது. நிலக்கரி எரியும்போது வரும் கந்தகவீரொட்சைட்டு வாயு போகிற வழியிலேயே நுண்துகளாக மாறி நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் பறக்கும்.

அடுத்தது, சாம்பல் பிடிக்கிற இயந்திரம் இருக்கிறதே, பிறகென்ன என்ற நினைப்பு. ஈஎஸ்பி என்கிற அந்த இயந்திரம் மின்புலத்தால் துகள்களை இழுத்துத் தகட்டில் ஒட்டவைக்கும், ஒழுங்காக ஓடினால் 99 வீதத்துக்கு மேல் பிடிக்கும், ஆனால் வாயு அதற்குள்ளால் அப்படியே போய்விடும். இதிலே ஒரு வில்லங்கமும் இருக்கிறது. கந்தகம் குறைந்த நிலக்கரி வாங்கினால் வாயுப் பிரச்சினை குறையும், சரி, ஆனால் அந்தச் சாம்பலின் மின்தடை கூடி ஈஎஸ்பி திணறத் தொடங்கும். உடனே புது இயந்திரத்துக்குக் கேள்விப்பத்திரம் போடுவார்கள். தகடுகளைத் தட்டி உதிர்க்கும் ஒழுங்கைச் சரிபார்த்து, சாம்பலின் மின்தடையைக் குறைக்கப் புகையில் கொஞ்சம் கந்தகமூவொட்சைட்டைக் கலந்து பார்த்தால் பலமுறை அதிலேயே தீர்ந்துவிடும், செலவும் எவ்வளவோ குறைவு.

புகையிலிருந்து கந்தக வாயுவைக் கழுவி எடுக்கும் எஃப்ஜிடி இயந்திரத்துக்கு விலை மட்டும் பார்ப்பது இன்னொரு பிழை. அது நிலையத்தின் மின்சாரத்திலேயே 1 முதல் 2 வீதம் வரை தின்னும். சுண்ணாம்புக்கல் வகை என்றால் கல்லுக்கும் காசு, ஆனால் மிஞ்சும் ஜிப்சத்தைச் சீமெந்துக்கு விற்கலாம். கடலோரத்தில் கடல்நீரின் இயற்கையான காரத்தன்மையாலேயே கழுவலாம், இலங்கையின் 900 மெகாவாட் நுரைச்சோலை நிலக்கரி மின்நிலையத்தில் அந்த முறைதான். ஆனால் கழுவிய தண்ணீருக்குக் காற்றூட்டி அமிலத்தைச் சரிசெய்த பிறகே கடலில் விடவேண்டும். அந்தச் செலவைக் கணக்கில் விட்டுவிட்டு மலிவு என்று சொல்லக்கூடாது.

நைதரசன் ஒட்சைட்டுகளுக்கு எடுத்த எடுப்பிலேயே, அமோனியாவையும் ஊக்கியையும் வைத்து அவற்றை நைதரசனாக மாற்றும் எஸ்சிஆர் கருவியை வாங்குவதும் அப்படித்தான். அது 80 முதல் 90 வீதம் குறைக்கும், ஆனால் ஊக்கியை அவ்வப்போது மாற்றவேண்டும், அமோனியாவும் நாள்தோறும் வேண்டும். எரிகலனையும் காற்று விகிதத்தையும் திருத்தினாலே 30 முதல் 50 வீதம் குறைக்கலாம். அதையும் மிதமிஞ்சிச் செய்தால் எரியாத காபன் சாம்பலில் தங்கி, சீமெந்துக்காரர் அந்தச் சாம்பலைத் தொடமாட்டார்.

ஒருவரும் கணக்கெடுக்காத இடம் நிலக்கரி முற்றம். சோளகம் என்கிற தென்மேற்குக் காற்றுக் காலத்தில் நுரைச்சோலைக்கு வரும் கப்பலில் இருந்து நிலக்கரி இறக்க முடியாது, அதனால் முன்கூட்டியே மலையாகக் குவித்து வைப்பார்கள். காற்று பலமாக அடிக்கும்போதுதான் குவியலும் பெரிதாக இருக்கும்! குவியலை இறுக்கி அழுத்தி, தண்ணீர் தெளித்து, காற்று வரும் பக்கம் மறைப்பு வலை கட்டினால் தூசி நிறையவே அடங்கும். புகைபோக்கியில் எத்தனை கோடி கொட்டினாலும் பக்கத்து வீட்டுக்காரியின் கொடியில் காயும் வெள்ளைச் சேலைக்கு அதனால் ஒரு பிரயோசனமும் இல்லை.